பழைய பைபர் வள்ளம்: திருத்துவதா, கைவிடுவதா?

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களுக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் வீடு, கல்யாணம், வைத்தியம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அடிபடும் விடயம் ஒன்றுண்டு. கடற்கரை ஊர்க்காரராக இருந்தால் அது வள்ளம். "அண்ணை, வள்ளம் பழசாப் போச்சு, திருத்தவும் காசு வேணும், புதுசு வாங்கவும் காசு வேணும், எதைச் செய்ய?" என்ற கேள்விக்கு ரொறன்ரோவில் இருந்தோ ஒஸ்லோவில் இருந்தோ பதில் சொல்வது எளிதல்ல. பெரும்பாலானோர் ஏதோவொரு தொகையை அனுப்பிவிட்டு அந்த விடயத்தை மறந்துவிடுகிறார்கள். அனுப்பிய பணம் உக்கிய பலகைக்கு மேல் பூசிய வண்ணப்பூச்சாக முடிந்ததா, அல்லது இன்னும் பத்து வருடம் உழைக்கக்கூடிய கலமாக மாறியதா என்பதை அறிந்தவர்கள் குறைவு.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தை முன்வைத்து இதை எழுதுகிறேன். தெற்கே சிலாபம், அதற்கு வடக்கே உடப்பு, பின்னர் கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்புறமாகத் தலவில, கண்டக்குழி, அப்பால் பத்தலங்குண்டு முதலிய தீவுகள். ஒரு பக்கம் ஆழ்கடல், மறுபக்கம் களப்பு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கரையில் வலை காயவைக்கும் இடம் இது. இங்கே கடற்கரையில் நடந்தால் தொழிலுக்குப் போகும் வள்ளங்களையும் காணலாம். கவிழ்த்துப் போட்டபடியே ஆண்டுக்கணக்காகக் கிடந்து, அடியில் நாய் படுத்துறங்கும் வள்ளங்களையும் காணலாம். இரண்டாம் வகையின் எண்ணிக்கை கூடிக்கொண்டு வருகிறது என்பது என் கண்ணுக்குத் தெரிகிற உண்மை.

இலங்கையின் கடற்றொழில் இயந்திரமயமாகத் தொடங்கியது 1950களின் பிற்பகுதியில். "மூன்றரைத் தொன் போட்" என்று இன்றும் கரையில் அழைக்கப்படும், ஏறத்தாழ 28 அடி நீளமான, டீசல் இயந்திரம் உள்ளே பூட்டிய படகுகள் அப்போதுதான் வந்தன. முதலில் அவை மரத்தால் ஆனவை. 1960களின் இறுதியில் கண்ணாடியிழை வந்து சேர்ந்தது. அந்தக் கதையில் ஒரு தமிழரின் பெயர் உண்டு. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம், 1956இல் நோர்வே சென்று மீன்பிடித் தொழில்நுட்பம் பயின்றவர். நோர்வேக்குக் குடிபெயர்ந்த முதல் தமிழர் என்று குறிப்பிடப்படுபவரும் அவரே. நோர்வே மக்களிடம் நிதி திரட்டி அவர் ஊரில் தொடக்கிய 'சீநோர்' நிறுவனம் காரைநகரில் பைபர் படகு கட்டும் தளத்தை அமைத்தது. அந்தப் பெயர் இன்று கடற்றொழில் அமைச்சின் கீழ் இயங்கும் அரச நிறுவனம் ஒன்றின் பெயராக நிலைத்திருக்கிறது. ஒஸ்லோவில் வாழும் நம் இளைய தலைமுறைக்கு இது தெரியுமா என்பது ஐயமே.

மரத்தோணியை விடப் பைபர் வள்ளம் இலேசானது. புழு அரிக்காது. ஆண்டுதோறும் கலப்பற்று அடைக்க வேண்டியதில்லை. 17 முதல் 23 அடி வரையான வள்ளத்தில் வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றைக் கொழுவினால் இரண்டு மூன்று பேர் விடியுமுன் போய்ப் பகலில் திரும்பலாம். ஆகவே அது பரவியது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பைபர் வள்ளங்களை வழங்கின. சில இடங்களில் இழந்ததைவிட வந்தது அதிகம். அவசரத்தில் கட்டப்பட்டவற்றுள் தரங்குறைந்தவை இருந்தன என்பதை உணவு விவசாய அமைப்பே பின்னர் எடுத்துரைத்தது. புத்தளக் கரை அந்தப் பேரழிவிலிருந்து பெரிதும் தப்பியது. ஆனால் வள்ளத்துக்கு மாவட்ட எல்லை தெரியாதே! கை மாறிக் கை மாறி அவை எல்லாக் கரைகளுக்கும் போய்ச் சேரும். அக்காலத்தில் கட்டிய வள்ளங்களுக்கு இன்று இருபது வயது. இப்போது எழும் இந்தக் கேள்விக்கு அதுவும் ஒரு காரணம்.

"பைபர் உக்காது" என்பது கரையோரத்தில் வேதவாக்கு. அது பாதி உண்மை. கண்ணாடியிழையும் ரெசினும் உக்குவதில்லைதான். ஆனால் வள்ளத்துக்குள்ளே மரம் ஒளிந்திருக்கிறது. இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பளபளக்கும் பைபர் மேலோடு, உள்ளே ஒட்டுப்பலகை. இயந்திரத்தைப் பூட்டத் துளைத்த ஓட்டைகள் வழியே உப்பு நீர் உள்ளே இறங்குகிறது. இறங்கிய நீர் வெளியேற வழியில்லை. நீரில் ஊறிய ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிரிந்து, நாலைந்து வருடத்தில் ஊறிய பாணைப் போல ஆகிவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் கரையிலிருந்து பத்துக் கடல்மைல் தள்ளி, கச்சான் காற்றில் அலைமேல் ஏறி இறங்கும்போது, இயந்திரம் பலகையோடு பிய்ந்து போகும். அப்போது போவது இயந்திரம் மட்டுமல்ல. பின்புறம் திறந்த வள்ளத்தில் நீர் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கடலறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே பழைய வள்ளத்தைப் பார்க்கப் போகிறவர் அணியத்தில் தொடங்கக்கூடாது, பின்பலகையில் தொடங்க வேண்டும். இயந்திரத்தைப் பூட்டிய நிலையில் அதன் கால்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அமுக்கிப் பாருங்கள். பின்பலகை அசைந்தால், அல்லது மூலைகளில் மயிரிழை வெடிப்புகள் திறந்து மூடினால், உள்ளே மரம் போய்விட்டது என்று பொருள். பூட்டாணி ஒன்றைக் கழற்றினால் ஓட்டையில் பழுப்பு நீர் வடிகிறதா என்று பார்க்கலாம். அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்தது தட்டிப் பார்த்தல். ஒரு நாணயம் போதும். உடல் முழுவதும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல பைபர் 'டிக்' என்று கூர்மையாக ஒலிக்கும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த இடத்தில் பூசணிக்காயைத் தட்டியது போன்ற மந்தமான ஓசை எழும். சிலாபத்திலும் கற்பிட்டியிலும் இந்த வேலை செய்யும் கைவினைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டே எல்லையைக் கரிக்கட்டியால் வரைந்துவிடுவார்கள். சாயம்போன மேற்பூச்சு, வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டும் தோல் ஆகியவை அழகுக் குறைபாடுகள் மட்டுமே. நட்சத்திர வடிவில் விரியும் நுண்வெடிப்புகள் பெரும்பாலும் மேற்பூச்சோடு நிற்பவை. ஆனால் அவை வரிசையாக, உள்ளிருக்கும் குறுக்குக் கட்டைகளின் ஓரமாக ஓடினால் வள்ளத்தின் உடல் அளவுக்கு மீறி வளைகிறது என்று அறிந்துகொள்ளலாம். ஏராவைத் தனியே பார்க்க வேண்டும். இங்கே துறைமுக வசதி குறைவு. வள்ளத்தை மணலில் இழுத்து ஏற்றுவதும் இறக்குவதும் அன்றாட வழக்கம். மணல் என்பது அரத்தாள் தானே. இருபது வருடம் அரைத்தால் எந்த இழைப்பாயும் மெலிந்துபோகும்.

மூன்றாவது சோதனைக்குக் கருவியே தேவையில்லை. வள்ளத்தைக் கரையேற்ற முன்பு எத்தனை பேர் போதும், இப்போது எத்தனை பேர் வேண்டும் என்று கேளுங்கள். எட்டுப் பேர் பன்னிருவராகியிருந்தால் வள்ளம் நீர் குடித்திருக்கிறது. இருக்கைக்கு அடியிலும் பக்கங்களிலும் அடைத்த நுரைதான் வள்ளம் கவிழ்ந்தாலும் அதை மிதக்க வைப்பது. அந்த நுரை பழுதாகி 100 லீற்றர் நீரை உறிஞ்சினால் 100 கிலோ சும்மா சுமையாகிறது. அதைவிடக் கொடுமை, கவிழும் நாளில் அது மிதக்க வைக்காது.

இந்தச் சுமையின் பொருள் 2022 ஓகஸ்ட் மாதத்திலிருந்து மாறிவிட்டது. அதுவரை லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானது. வெளியிணைப்பு இயந்திரங்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. எரிபொருள் கிடைக்காமல் வாரக்கணக்கில் கரையில் கிடந்தவர்கள், கிடைத்தபோது அதை வாங்க முடியாதவர்களானார்கள். விலை பின்னர் ஏறி இறங்கியது. ஆனால் பழைய 87 ரூபாக் காலம் திரும்பவில்லை. முன்பு ஒரு கனத்த வள்ளத்தை "கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதான்" என்று பொறுத்துக்கொண்டவர், இன்று ஒவ்வொரு பயணத்திலும் அந்தக் கனத்துக்குக் காசு கட்டுகிறார். திருத்துச் செலவு மட்டுமே கணக்கில் வருகிறது. திருத்தாமல் விட்ட வள்ளம் குடிக்கும் எண்ணெய் கணக்கில் வருவதில்லை. இது நம்மவர்களின் கணக்கு முறையில் உள்ள பழைய கோளாறு. வள்ளத்துக்கு மட்டுமல்ல, வீட்டுக்கூரைக்கும் பொருந்தும்.

சரி, திருத்துவதென்றால் எப்படித் திருத்துவது? ஓட்டைக்கு மேல் ஓர் இழைத்துண்டை வைத்து ரெசினைப் பூசி, காய்ந்ததும் வண்ணம் அடிப்பதைத் திருத்தம் என்று சொல்ல நான் ஆயத்தமாயில்லை. புண்ணுக்குப் பொட்டு வைப்பது போன்றது அது. புதிய பைபர் பழைய பைபரோடு இரசாயன முறையில் முழுமையாக ஒன்றாவதில்லை. பசைபோல ஒட்டிப் பிடிக்கிறது, அவ்வளவே. ஆகவே ஒட்டும் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். ஓட்டையைச் சுற்றித் தடிப்பின் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. உடல் 6 மில்லிமீற்றர் தடிப்பானால் ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீற்றர். உள்ளங்கையளவு ஓட்டை சாப்பாட்டுத் தட்டளவு வேலையாகிறது. வள்ளத்துக்காரருக்கு இது வீண் செலவாகத் தோன்றும். "சின்ன ஓட்டையை ஏன் பெரிதாக்குகிறாய்?" என்று சண்டை பிடிப்பார். அந்தச் சண்டையில் கைவினைஞர் விட்டுக்கொடுத்தால் அடுத்த பருவத்திலேயே ஒட்டுப் போட்ட இடம் உரிந்து வரும்.

அதற்கு முன் காய வேண்டும். நனைந்த உடலில் ஒட்டிய எதுவும் நிலைக்காது. இந்த விடயத்தில் புத்தளக் கரைக்கு இயற்கை ஒரு கைகொடுக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். சிலாபம், உடப்புப் பக்கத்துத் தொழிலாளர்கள் பலர் கிழக்குக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்யக் கிளம்பும் காலமும் அதுவே. அதே மாதங்களில் கற்பிட்டிப் பக்கம் மழை அரிது, காற்று ஓயாது. வள்ளத்தைக் கவிழ்த்து, கெட்டுப்போன பகுதியைத் திறந்து, ஒரு மாதம் காயவிட இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் பெரும்பாலானோர் ஐப்பசியில், கடலுக்கு இறங்க இரண்டு வாரம் இருக்கும்போதுதான் கைவினைஞரைத் தேடி ஓடுகிறார்கள். அப்போது வடகீழ்ப் பருவ மழை தொடங்கிவிடும். ஈரத்தின் மேல் ஈரம். ரெசின் சரியாக இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். விரைவில் இறுக வேண்டும் என்று இறுக்கியை அளவுக்கு மீறி ஊற்றுவார்கள். ரெசின் எடையில் ஒன்று முதல் இரண்டு வீதம் போதும். மிஞ்சினால் ரெசின் சூடேறி வெடித்து நொறுங்கும் தன்மை பெறும்.

இந்த வேலை செய்கிறவர்களின் உடல்நிலை பற்றியும் ஒரு வரி. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்கு முன்னால் மூக்கில் கட்டிய சாரத் துண்டு எதற்கும் உதவாது. இறுக்கி ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். இறுக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். இவை எல்லாம் எழுதப்பட்ட விதிகள். தமிழிலோ சிங்களத்திலோ சுவரில் ஒட்டிய ஒரு தாளாகக்கூட நான் எந்தத் திருத்தகத்திலும் கண்டதில்லை.

இனி முடிவெடுக்கும் கேள்வி. உடல் உறுதியாக, ஏரா நேராக, தட்டும்போது பெரும்பகுதி கூர்மையாக ஒலித்து, பின்பலகை மட்டும் போயிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். பின்பலகையை முழுவதும் திறந்து, மரத்தை மாற்றி, ஓட்டைகளின் உட்சுவரைக்கூட ரெசினால் அடைத்துவிட்டால் அந்த வள்ளம் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். உலகின் முதற்கட்டப் பைபர் படகுகளுள் சில, 1950களில் கட்டப்பட்டவை, இன்றும் நீரில் இருக்கின்றன. ஆனால் பின்பலகையும் நுரையும் குறுக்குக் கட்டைகளும் ஒருசேரப் போயிருந்தால், அல்லது அடிப்புறத்தில் கால்வாசிக்கு மேல் மந்தமாக ஒலித்தால், அதை விட்டுவிடுவதே அறிவு. புதிய உடலின் விலையில் பாதியைத் திருத்துச் செலவு தாண்டினால் விட்டுவிட வேண்டும் என்பது என் அளவுகோல். இயந்திரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இயந்திரம் கழற்றி மாற்றக்கூடிய தனிச்சொத்து. "நல்ல எஞ்சின் இருக்கே" என்பதற்காகக் கெட்ட உடலைக் காப்பாற்றுவது தலைகீழான கணக்கு.

பற்று என்று ஒன்று இருப்பதை நான் மறுக்கவில்லை. தலவில புனித அன்னம்மாளின் பெயரைத் தாங்கிய வள்ளத்தையும், உடப்பு திரௌபதை அம்மனை வணங்கிக் கடலில் இறக்கிய வள்ளத்தையும் வெறும் பிளாஸ்திக்காகப் பார்க்க யாராலும் முடியாது. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வந்திறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரையில்தான், கடல்வழியாக, வள்ளங்களில். அப்படியான நினைவைச் சுமக்கும் கலம் ஒன்று எஞ்சியிருந்தால் அதை ஊரின் நடுவில் நிறுத்தி நிழற்கூரை போடலாம். கடலில் இறக்கக்கூடாது.

ஆனால் நடப்பது வேறு. ஆழ்கடலுக்கு உதவாதென்று தீர்ந்த வள்ளம் அற்ப விலைக்குக் களப்பில் தொழில் செய்யும் ஏழைக்கு விற்கப்படுகிறது. அல்லது நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓங்கில் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளை ஏற்றுவதற்காகப் புது வண்ணம் பூசிக்கொள்கிறது. பெயர் மாறுகிறது, உள்ளே இருக்கும் உக்கல் மாறுவதில்லை. இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். தன் உயிரை நம்பி ஏற மறுத்த கலத்தில் தன்னிலும் வறியவனை ஏற்றுவது வியாபாரம் ஆகாது.

அரசுகள் என்ன செய்கின்றன? எந்தக் கட்சி ஆண்டாலும் மானியம் என்றால் புதிய வள்ளம், புதிய இயந்திரம், நாடா வெட்டும் படம். இந்த மேசையில் இருந்துகொண்டு அப்படியான படங்களுக்கு எத்தனை விளக்கவரிகள் எழுதியிருப்பேன்! பின்பலகை மாற்றிய வள்ளத்தின் முன்னால் நின்று எந்த அமைச்சரும் படம் எடுத்துக்கொண்டதில்லை. திருத்தத்துக்கென்று சிறு கடன், அதுவும் மே மாதத்தில், காயும் காலம் தொடங்கும்போது கிடைக்கும் கடன், பத்துப் புதிய வள்ளங்களைவிட அதிகம் பேருக்குப் பயன்படும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் வந்த பின்னர் வள்ளங்கள் பதிவு செய்யப்பட்டு இலக்கம் பெறுகின்றன. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அந்தப் புதுப்பித்தலின்போது ஒரு நாணயத்தால் தட்டிப் பார்க்க, இயந்திரத்தை அமுக்கிப் பார்க்க, ஓர் உத்தியோகத்தருக்குப் பத்து நிமிடம் போதும். உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்பதோடு இதையும் சேர்த்துக்கொள்வதில் என்ன கடினம்?

கடைசியாக, இறந்த வள்ளங்கள். மரத்தோணி செத்தால் விறகாகும். பைபர் வள்ளம் செத்தால் எதுவும் ஆகாது. இந்த வகை ரெசினை ஒருமுறை இறுகியபின் மீண்டும் உருக்கி வார்க்க முடியாது. ஆகவே கண்டல் மரங்களுக்கிடையில் தள்ளுகிறார்கள். சிலர் கடற்கரையிலேயே கொளுத்திக் கரும்புகையைச் சுவாசிக்கிறார்கள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்திக் மணிகள் மேற்குக் கரையில் ஒதுங்கியபோது நாம் எல்லோரும் கொதித்தோம், கொதித்தது நியாயமே. நம் வள்ளங்கள் உதிர்க்கும் இழைத்தூளுக்கு அப்படி ஒரு தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை.

பிரான்ஸில் 2019இலிருந்து பழைய உல்லாசப் படகுகளைச் சேகரித்து உடைப்பதற்கென ஓர் அமைப்பு இயங்குகிறது. புதிய படகு விற்பவர்கள் அதற்கு நிதி கட்டுகிறார்கள். ஜேர்மனியில் காற்றாலையின் பழைய இறகுகளை, அவையும் கண்ணாடியிழைதான், துண்டாக்கிச் சீமெந்துச் சூளையில் இடுகிறார்கள். ரெசின் எரிபொருளாகிறது, கண்ணாடி சிலிக்காவாகச் சீமெந்தோடு கலந்துவிடுகிறது. சூளை தேடி நாம் ஜேர்மனிக்குப் போக வேண்டியதில்லை. புத்தளத்தில், பாலாவியில், சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. தொழிற்துறைக் கழிவுகளைத் தன் சூளையில் எரித்துவரும் அனுபவமும் அதற்கு உண்டு. கொழும்பின் குப்பையை அருவக்காட்டில் கொண்டுவந்து கொட்டுவதற்கு, புத்தளம் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தும் அரசால் வழி காண முடிந்தது. கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து வெளியேறும் பிரதான வீதி நேரே பாலாவிச் சந்தியில்தான் வந்து ஏறுகிறது. தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஆண்டுக்கொருமுறை, தென்மேற்குக் காற்றுக் காலத்தில், மீனவர் சங்கங்கள் ஒரு லொறியை ஒழுங்கு செய்து, கரையில் கிடக்கும் உடல்களை அறுத்து ஏற்றி, அவற்றின் பதிவிலக்கங்களையும் அன்றே நீக்கச் செய்யலாம். தொழிற்சாலையோடும் திணைக்களத்தோடும் இதுபற்றி முதலில் பேசப்போகும் சங்கம் சிலாபத்தினதா, கற்பிட்டியினதா என்பதை அறிய ஆவலாயிருக்கிறேன்.